பெயரறியா உணர்வும் பதறும் மெய்யும்

கோவை நகருக்கு மேற்கே, நொய்யலாற்றுப் படுகையில் அமைந்த தொண்டாமுத்தூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் போய் முடிகின்றது. போளுவாம்பட்டி வனச்சரகத்தை ஒட்டிய தோட்டங்களில் வாழையும் பாக்கும் தென்னையும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அவற்றைத் தேடிக் காட்டு யானைகள் இறங்கி வருவது அங்கு நெடுநாள் வழக்கம். ஆகவே உழவர் பலர் இரவில் கண்விழித்துத் தோட்டம் காக்கின்றனர். இருளில் ஒரு மட்டை முறியும் ஓசை கேட்கிறது. அந்த நொடியிலேயே காவலிருப்பவரின் இதயம் விரைகின்றது, வாய் உலர்கின்றது, உள்ளங்கை வேர்க்கின்றது, வயிறு இறுகுகின்றது. யானை கடந்து போனபின் சிறிது நேரத்தில் உடல் அடங்குகின்றது. மறுநாள் காலை தேநீர்க் கடையில், "பயந்தே போயிட்டனுங்க" என்று சொல்லிச் சிரிக்கவும் அவரால் முடிகின்றது.

அதே மனிதரை வேறோர் இரவில் எண்ணிப் பார்ப்போம். யானை வரவில்லை. ஆனால் வெங்காய விலை வீழ்ந்திருக்கின்றது; மகள் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகின்றது. இதயம் அன்றுபோலவே விரைகின்றது. வயிறு அன்றுபோலவே இறுகுகின்றது. சில வாரங்கள் கழித்து அவர் மருத்துவர் முன் அமர்கின்றார். "நெஞ்சு படபடங்குதுங்க, வயிறு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்கின்றார். இதயத் துடிப்பு வரைபடத்திலும் இரத்தப் பரிசோதனையிலும் குறையொன்றும் தெரியவில்லை. "மனசுல ஏதாவது கவலைங்களா?" என்று மருத்துவர் கேட்கின்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பதே விடை.

இந்த உழவர் நாம் எண்ணிப் பார்த்த ஒருவரே. எனினும் இத்தகைய விடையை நம் குடும்பங்களில் நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். அவர் பொய் சொல்லவில்லை. உடலில் நிகழ்வதைத் தெளிவாக அறிகின்றார். அது அச்சமா, துயரமா, அவமானமா என்பதை மட்டும் அவரால் அறிய இயலவில்லை. தன் உணர்வை இன்னதென்று இனங்காண இயலாத இந்நிலைக்கும் உடலின் நெருக்கடி எதிர்வினைக்கும் என்ன தொடர்பு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லில்லா உணர்வு

கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உளமருத்துவராகப் பணியாற்றிய பீட்டர் சிஃப்னியோஸ், 1970களின் தொடக்கத்தில் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டார். மனநெருக்கடியோடு தொடர்புடையவையாகக் கருதப்பட்ட உடல்நோய்களுடன் வந்தவர்களுள் பலர், தம் உணர்வுகளைப் பற்றிக் கேட்டால் திகைத்துப் போவதை அவரும் அவருடைய சகாவான ஜான் நெமையாவும் கண்டனர். அந்நோயாளர்கள் நடந்தவற்றை விரிவாகக் கூறினர். நடந்தபோது தமக்கு எப்படி இருந்தது என்பதைக் கூற இயலவில்லை. சிஃப்னியோஸ் தம் தாய்மொழியிலிருந்தே சொல்லைத் தேர்ந்தார். 'அ' என்பது இன்மை. 'லெக்ஸிஸ்' என்பது சொல். 'தைமோஸ்' என்பது உள்ளுணர்வு. மூன்றும் சேர்ந்து 'அலெக்ஸிதைமியா' ஆயிற்று. உணர்வுக்குச் சொல்லின்மை என்று நாம் இதைத் தமிழில் கூறலாம்.

இது ஒரு நோயின் பெயரன்று என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உயரம்போல், நினைவாற்றல்போல், மனிதரிடையே கூடியும் குறைந்தும் காணப்படும் ஓர் இயல்பு இது. இதனை அளக்கக் கனடாவின் டொராண்டோ நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய இருபது கூற்றுகள் கொண்ட அளவுகோல் 1994 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. அது மூன்று கூறுகளை அளக்கின்றது: உணர்வை இனங்காண்பதில் இடர்ப்பாடு, உணர்வைப் பிறருக்கு எடுத்துரைப்பதில் இடர்ப்பாடு, உள்நோக்காமல் புறநிகழ்ச்சிகளையே பற்றிச் செல்லும் சிந்தனைப் போக்கு. ஃபின்லாந்தில் நடத்தப்பெற்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்குப் பதின்மூவரிடம் இவ்வியல்பு மிகுந்திருக்கக் கண்டது. பெண்களைவிட ஆண்களிடம் இது கூடுதலாக இருந்தது.

சிலரிடம் இது இளமை முதலே அமைகின்றது. வேறு சிலரிடமோ பெருந்துயருக்குப் பின் தோன்றுகின்றது. நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து தப்பியவரும் பின்னர் உளமருத்துவரானவருமான ஹென்றி கிறிஸ்டல், தம்மைப்போல் தப்பியவர்களை ஆராய்ந்து இதனை எடுத்துக்காட்டினார். தாங்கவொண்ணாத் துயரை உணராதிருக்க மனம் உணர்வின் கதவை அடைக்கின்றது. அடைத்தபின், ஆபத்து நீங்கிய காலத்திலும் கதவு எளிதில் திறப்பதில்லை. இதைப் படிக்கும்போது கோவைவாசிகளுக்கு 1997 நவம்பரும் 1998 பிப்ரவரியும் நினைவுக்கு வராமல் இரா. கலவரத்திலும் குண்டுவெடிப்பிலும் உறவுகளை இழந்த வீடுகள் இந்நகரின் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அந்நாள்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றிவிடும் முதியவர்களை நாம் அறிவோம். அவர்கள் ஒவ்வொருவரின் உள்ளத்திலும் நிகழ்ந்தது என்னவென்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. மௌனத்தை மறதி என்று எண்ணிவிடலாகாது என்பதை மட்டும் இந்த ஆய்வு நமக்கு உணர்த்துகின்றது.

உடல் ஆற்றும் பணி

ஆபத்தை எதிர்கொள்ள உடலிடம் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று விரைவானது. மூளையிலிருந்து பரிவு நரம்புகள் வழியே செல்லும் ஆணையால், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி சில நொடிகளில் அட்ரீனலினைச் சொரிகின்றது. இதயம் விரைகின்றது, தசைகளுக்குக் குருதி பாய்கின்றது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகின்றது. போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். தோட்டக் காவலரின் வாய் உலர்ந்ததற்கும் வயிறு இறுகியதற்கும் இதுவே காரணம்.

மற்றொன்று மெதுவானது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது அட்ரீனல் சுரப்பியின் மேலுறையைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் குருதியில் கலக்கின்றது. அதன் அளவு உச்சமடைய ஏறத்தாழ இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். அது சர்க்கரையைக் குருதிக்கு வழங்கி, அப்போதைக்குத் தேவையற்ற பணிகளை அடக்கி, நெடிய முயற்சிக்கு உடலை அணியமாக்குகின்றது. ஆபத்து தீர்ந்ததும் கார்ட்டிசாலே மூளைக்குச் சென்று, 'போதும்' என்று தன் சுரப்பை நிறுத்தச் செய்கின்றது.

யானை போய்விடும், கடன் போகாது. நெருக்கடி ஓயாதபோது இவ்விரு ஏற்பாடுகளும் ஓய்வின்றி இயங்குகின்றன. உறக்கம் கெடுகின்றது, இரத்த அழுத்தம் ஏறுகின்றது, தசைகள் இறுகியே கிடக்கின்றன. காப்பதற்கு அமைந்ததே நாளடைவில் உடலைத் தேய்க்கத் தொடங்குவதை அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்கீவன் 1990களில் விரிவாக விளக்கினார்.

பிணைப்பு தளர்ந்தால்

இங்குதான் உணர்வின் பெயர் முக்கியமாகின்றது. 'இது அச்சம்; கடனைப் பற்றிய அச்சம்' என்று ஒருவர் அறிந்துகொண்டால், அவர் செய்வதற்குச் சில செயல்கள் உண்டு. கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்கலாம், மனைவியிடம் சொல்லலாம், தொழுகையில் அழலாம், நண்பரிடம் வழி கேட்கலாம். பெயர் காரணத்தைக் காட்டுகின்றது. காரணம் செயலைக் காட்டுகின்றது. பெயர் தெரியாதவருக்கு எஞ்சுவது படபடப்பு மட்டுமே. அதை அவர் இதயநோய் என்று கருதி மேலும் அஞ்சுகின்றார். அந்த அச்சம் படபடப்பை மேலும் கூட்டுகின்றது. உணர்வை இனங்காண இயலாமை நெருக்கடியை நீட்டித்து உடல்நலத்தைக் கெடுக்கலாம் என்னும் கருதுகோளை ஆய்வாளர்கள் 1980களிலேயே முன்வைத்தனர்.

ஆய்வுக்கூடங்களில் கண்டது என்ன? இங்கு நாம் அவசரப்படலாகாது. அலெக்ஸிதைமியா மிகுந்தவர்களுக்கு ஓய்வு நிலையிலேயே பரிவு நரம்பு மண்டலம் கூடுதலாக இயங்குகின்றது என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. நெருக்கடியின்போது அவர்களுடைய உடல் மற்றவர்களைவிடக் குறைவாகவே எதிர்வினை புரிகின்றது என்று வேறு சில கூறுகின்றன. மூன்றாம் வகை ஆய்வுகள் காட்டுவது பிணைப்பின் தளர்ச்சியை: உடல் பதறும், கேட்டால், 'நான் அமைதியாகத்தான் இருக்கின்றேன்' என்பார், அல்லது மனம் கலங்கியதாகச் சொல்வார், உடலிலோ மாற்றம் இராது. முடிவுகள் இப்படி வேறுபடுவதால், 'உணர்வை அறியாதவரின் உடல் எப்போதும் அதிகம் பதறும்' என்று ஒற்றை விதியாகச் சொல்ல இயலாது.

எனினும் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியன. உடலின் உள்நிலையை உணரும் ஆற்றலுக்கு மூளையில் இன்சுலா எனப்படும் பகுதி இன்றியமையாதது. தன் இதயத் துடிப்பைத் தொடாமலே எண்ணும் சோதனையில் அலெக்ஸிதைமியா மிகுந்தவர்கள் பின்தங்குவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லா ஆய்வுகளும் இதை உறுதிசெய்யவில்லை. மற்றொன்று, ஃபின்லாந்தின் நடுவயது ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வு. அலெக்ஸிதைமியா மிகுந்தவர்களிடம் அக்காலத்தில் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்ததை அது பதிவுசெய்தது. உடன்நிகழ்வு வேறு, காரணம் வேறு. ஓர் ஆய்வைக் கொண்டு ஒன்றை மற்றொன்றின் காரணமெனக் கொள்ள இயலாது. ஆயினும் 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்னும் விடையைக் கேட்டுவிட்டு நாம் எழுந்துபோய்விடக் கூடாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை.

மெய்ப்பாடும் நாடியும்

உணர்வையும் உடலையும் இணைத்துக் காணும் பார்வை நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே உண்டு. மெய்யில் படுவது மெய்ப்பாடு: உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதையே தமிழ் இலக்கணம் பெயராக்கிக்கொண்டது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு உணர்வுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களங்களையும் அவ்வியல் தருகின்றது. அச்சத்தின் நான்கு நிலைக்களங்களுள் ஒன்று விலங்கு. தொண்டாமுத்தூர்த் தோட்டக் காவலர் அதை நன்கறிவார். அழுகையின் நிலைக்களங்களுள் ஒன்று வறுமை. உணர்வின் பெயரும், அதன் காரணமும், அது உடலில் தோன்றும் விதமும் ஒருசேர அறியத்தக்கவை என்னும் தெளிவு இந்தப் பகுப்பிலேயே உள்ளது.

இஸ்லாமிய மருத்துவ மரபிலும் இத்தெளிவைக் காண்கின்றோம். பல்கு நகர்ப் பகுதியில் பிறந்து 934இல் (ஹிஜ்ரி 322) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை உடல்நலத்துக்கு ஒரு பகுதி, உள்நலத்துக்கு ஒரு பகுதி என இரண்டாக வகுத்து எழுதினார். உடலும் உள்ளமும் ஒன்றின் நோயில் மற்றொன்று பங்கு கொள்வதை அவர் விளக்கினார். சினம், அச்சம், துயரம், ஊசலாட்ட எண்ணங்கள் எனத் தனித்தனியே பிரித்துப் பேசினார். அவற்றுள் துயரத்தைக் காரணம் தெரிந்தது, காரணம் தெரியாதது என இரண்டாகப் பகுத்தது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. காரணம் தெரியாத துயரத்துக்கு அவர் உடல்வழியான தோற்றத்தையும் மருத்துவத்தையும் கூறினார். இஸ்தான்புல்லின் அயாஸோஃபியா தொகுப்பில் சுவடியாக இருந்த இந்நூலின் உளவியல் பகுதியைச் சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டபின், அல்பல்கீயின் பெயர் மீண்டும் பரவலாக அறியப்பட்டது.

இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில் காதல் நோயை மூளை சார்ந்த பிணிகளோடு வைத்துப் பேசுகின்றார். நோயாளி தன் உள்ளத்தில் உள்ளவரின் பெயரை மறைத்தால், மருத்துவர் அவருடைய நாடியைப் பற்றிக்கொண்டு பல பெயர்களையும் ஊர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தப் பெயரில் நாடி மாறுகின்றதோ அதுவே விடை என்று வழி கூறுகின்றார். கிரேக்க மருத்துவர் காலனிடமும் இதற்கு முன்னோடி உண்டு. மௌலானா ரூமி மஸ்னவியின் முதல் கதையை இதைச் சுற்றியே அமைத்தார். இப்னு சீனாவின் நோயாளி அறிந்து மறைத்தார். நாம் பேசும் மனிதரோ தாமே அறியார். ஆயினும் மருத்துவர் செய்த பணி இருவருக்கும் பொருந்தும்: உடலைக் கவனித்தபடியே, ஒவ்வொரு பெயராகப் பொறுமையுடன் முன்வைத்தல்.

உடல்வழிப் பேச்சு குறையன்று

ஒரு தவறான முடிவை இங்கு விலக்க வேண்டும். உணர்வை உடலின் மொழியில் சொல்வோர் எல்லாரும் உணர்வை அறியாதவர் அல்லர். ஆசிய மக்கள் மனத்துயரை உடல்நோயாகவே வெளியிடுவர், உணர்வைச் சொல்லத் தெரியாதவர் என்று மேலைநாட்டு உளமருத்துவர் சிலர் ஒருகாலத்தில் எளிதாக எழுதிவிட்டனர். தமிழில் நெஞ்சு பதைக்கின்றது, வயிறு எரிகின்றது, குலை நடுங்குகின்றது, உடம்பு கூசுகின்றது. 'வயிற்றெரிச்சல்' என்று ஒரு தாய் சொன்னால் அது செரிமானக் கோளாறு அன்று என்பதை எந்தத் தமிழரும் அறிவார். உருது பேசும் கோவை வீடுகளில் வழங்கும் 'கப்ராஹட்' என்னும் சொல் மனக்கலக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் ஒருசேரக் குறிக்கும். ஈரானில் 'இதயத்தின் தொல்லை' என்னும் முறையீட்டுக்குள் மணவாழ்வின் சுமையும் வறுமையின் கவலையும் அடங்கியிருப்பதை மானிடவியலாளர் பைரன் குட் 1977இல் எடுத்துக்காட்டினார். இவை வளமான மொழிகள்.

எனவே 'நெஞ்சு' என்றாரா, 'அச்சம்' என்றாரா என்பதைக் கொண்டு முடிவுகட்டக் கூடாது. நெஞ்சு பதைப்பது எதனால் என்று அவருக்குத் தெரிகின்றதா என்பதையே கவனிக்க வேண்டும். 'பையன்கிட்ட இருந்து போன் வரலைங்க, அதான் நெஞ்சு பதைக்குதுங்க' என்பவருக்குப் பிணைப்பு உறுதியாக உள்ளது. 'நெஞ்சு பதைக்குதுங்க, ஏன்னே தெரியலைங்க' என்று ஆண்டுக்கணக்கில் மருத்துவமனை மாறி மருத்துவமனை அலைபவருக்கே நம் துணை தேவை.

ஸப்ரும் சொல்லும்

நம் சமுதாயத்தில் இந்தத் துணை கிடைப்பதற்குத் தடையாக ஓர் எண்ணம் நிலவுகின்றது. துயரைச் சொல்வது ஸப்ருக்கு, அதாவது பொறுமைக்கு, மாறானது என்று பலர் கருதுகின்றனர். குறிப்பாக ஆண்பிள்ளைகளை 'அழாதே' என்று அடக்கியே வளர்க்கின்றோம். ஆனால் பொறுமையின் முன்மாதிரியாகத் திருக்குர்ஆன் காட்டும் நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடமளிக்கவில்லை. மகனைப் பிரிந்த துயரால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போனதை 12ஆம் அத்தியாயமான சூரா யூஸுஃப் கூறுகின்றது. உள்ளத்தின் துயர் உடலில் பட்டது. அழகிய பொறுமையை மேற்கொண்ட அதே நபி, தம் துயரையும் கவலையையும் இருவேறு சொற்களால் பெயர் சொல்லியே இறைவனிடம் முறையிடுகின்றார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் விட்டார்கள். உள்ளம் துயருறுவதையும் வாயால் சொன்னார்கள். கதீஜா (ரலி) அவர்களும் அபூ தாலிபும் மறைந்த ஆண்டைத் 'துயர ஆண்டு' என்றே நம் வரலாறு பெயரிட்டு வைத்திருக்கின்றது. பொறுமை என்பது உணர்வை அறியாதிருப்பதன்று. அறிந்த உணர்வை முறையாகத் தாங்குவதே பொறுமை.

இதற்கு மறுபுறமும் ஓர் எச்சரிக்கை உண்டு. உணர்வைச் சொல்ல இயலாதவரை 'கல்நெஞ்சர்' என்றோ, ஈமான் குறைந்தவர் என்றோ பழிப்பது பெருந்தவறு. அவருடைய உடல் பதறுவதே அவர் கல்லல்லர் என்பதற்குச் சான்று.

செய்யத்தக்கவை

முதலாவது, நெஞ்சுவலியும் படபடப்பும் கண்டால் முதலில் உடலையே பரிசோதிக்க வேண்டும். உணர்வை இனங்காணாதவருக்கும் மாரடைப்பு வரும். 'எல்லாம் மனசுதான்' என்று தள்ளிவிடுவது 'ஒண்ணுமில்லை' என்பதைப் போன்றே ஆபத்தானது.

இரண்டாவது, கேள்வியை மாற்றிக் கேட்கலாம். 'என்ன கவலை?' என்பது பெயர் தெரியாதவரிடம் பெயரையே கேட்கும் வினா. 'இது எப்போது தொடங்கியது? அன்றைக்கு யார் வந்திருந்தார்கள்? எந்த இடத்துக்குப் போனால் கூடுகின்றது?' என்பவை அவரால் விடை கூறக்கூடியவை. அதன்பின் 'இது பயமாக இருக்குமோ? வருத்தமோ? கோபமோ?' என்று இரண்டு மூன்று பெயர்களை முன்வைக்கலாம். இப்னு சீனாவின் முறையும் இதுவே.

மூன்றாவது, உணர்வுக்குச் சொல் தருவதால் பயனுண்டா என்பதற்குச் சில சான்றுகள் உள்ளன. கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சினமும் அச்சமும் காட்டும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்வுக்குப் பெயரிட்டபோது, மூளையில் ஆபத்தை உணர்த்தும் அமிக்டலாவின் எழுச்சி தணிந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய உடனாய்வாளரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வின் பெருந்துயர் நிகழ்ச்சியையும் அதுபற்றிய உணர்வையும் நான்கு நாள்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் இப்பயன் சிறிதாகவே தென்பட்டது. ஆயினும் செலவும் தீங்கும் மிகக் குறைந்த வழி இது. பழைய பெருந்துயரைத் தனியே கிளறினால் நிலைகுலைவோர் உண்டு. அவர்கள் மருத்துவரின் துணையோடு செய்வதே நன்று.

நான்காவது, சிறுவர்களுக்கு உணர்வின் சொற்களைக் கற்பிக்க வேண்டும். மதரஸாவிலும் பள்ளியிலும் வீட்டிலும் நபிமார் வரலாற்றைச் சொல்லும்போது, 'அப்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். உணர்வுகளின் பெயர்களைக் குழந்தை பிறரிடமிருந்தே கற்கின்றது.

ஐந்தாவது, துணை தேவைப்படும்போது நாடத் தயங்கலாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். ஜமாஅத் பெரியவர்களும் இமாம்களும் இந்த எண்ணை அறிந்திருப்பது நல்லது. பலர் மருத்துவரைக் காண்பதற்கு முன் பள்ளிவாசல் திண்ணைக்கே வருகின்றனர்.

நாம் தொடங்கிய தோட்டத்துக்கே திரும்புவோம். யானை வரும் இரவில் அந்த உழவர் தனியே இருப்பதில்லை. பக்கத்துத் தோட்டக்காரரும் விளக்கோடு வருகின்றார். இருவரும் குரல் கொடுத்துக்கொள்கின்றனர். யானை வராத இரவுகளில்தான் அவர் தனித்துப் போகின்றார். அந்த இரவுகளில் அவர் அருகே அமர்ந்து, 'என்ன ஆச்சுங்க?' என்று கேட்டு, 'ஒண்ணுமில்லீங்க' என்னும் முதல் விடைக்குப் பிறகும் எழுந்துபோகாமல் இருக்க ஒருவர் வேண்டும். அது மனைவியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், பக்கத்துத் தோட்டக்காரராகவே இருக்கலாம்.